வலது ஓரத்துப் பெயரை வெட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'சிவப்புச் சிறுவன்' ஓவியத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. சர் தாமஸ் லாரன்ஸ் 1825இல் வரைந்தது, 1967இல் பிரிட்டிஷ் தபால்தலையாக வந்தது, 2021இல் லண்டன் நேஷனல் கேலரி 93 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது, படத்தில் இருக்கும் சார்லஸ் லாம்ப்டன் என்ற அந்தப் பையன் காசநோயில் 13 வயதிலேயே இறந்துபோனது என்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கட்டுரைக்கு நடுவில் பெரிதாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தீர்களே, அது லாரன்ஸ் வரைந்த ஓவியம் கிடையாது. அந்த ஓவியத்தைப் பார்த்து சாமுவேல் கசின்ஸ் என்பவர் உலோகத் தகட்டில் செதுக்கி, 1827இல் வெளிவந்த அச்சுப் படம். அதற்குக் கீழே 'ஓவியம்: தாமஸ் லாரன்ஸ்' என்று மட்டும் போட்டிருக்கிறது. படத்தின் கீழ் ஓரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள். அந்த ஓரத்தில்தான் கசின்ஸின் பெயர் இருந்திருக்கும்.

இதைச் சின்ன விஷயம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிளாக் மேக்கிங் பட்டறையில் வேலை பார்த்தவன். ஆஃப்செட் வருவதற்கு முன்பு பத்திரிகையில் ஒரு போட்டோ வர வேண்டுமென்றால், அதைப் பெரிய கேமராவுக்கு முன்னால் வைத்து, கோடு போட்ட கண்ணாடித் திரை வழியாகப் படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்கவிட்டு, படம் முழுவதும் பொடிப் புள்ளிகளாக இருக்கும் ஹாஃப்டோன் பிளாக்காக மாற்ற வேண்டும். நியூஸ்பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 65 கோடு போட்ட திரை, ஆர்ட் பேப்பருக்கு 120 அல்லது 133. எந்தப் படத்தைப் பார்த்தாலும் லென்ஸை வைத்துப் புள்ளியை எண்ணுவது எங்களுக்குப் பழக்கம். ஒரு நாள் பட்டறைக்கு ஒரு பழைய ஆங்கிலப் படம் பிளாக் எடுக்க வந்தது. ஒரு பெண்ணின் முகம், கழுத்தைச் சுற்றி லேஸ், பின்னால் கன்னங்கரிய இருட்டு. வழக்கம்போல லென்ஸை வைத்தேன். புள்ளி இல்லை. கோடும் இல்லை. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி வெல்வெட் துணி மாதிரி ஒரு மென்மை. கேமரா வருவதற்கு முன்னால் ஒருவர் கையால் இதைச் செய்திருக்கிறார் என்று பட்டறையில் மூத்தவர் சொன்னபோது என்னால் நம்பவே முடியவில்லை. அன்றிலிருந்து இந்தக் கலையைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பல வருஷம் கழித்து மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட அறையில் உட்கார்ந்து கசின்ஸின் படங்களை நேரிலும் பார்த்தேன். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போனால் போதும், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறார்கள், காசு வாங்குவதில்லை.

அந்த முறைக்குப் பெயர் மெசோடின்ட். இத்தாலிய மொழியில் 'பாதி நிறம்' என்று பொருள். நாங்கள் சொல்லும் ஹாஃப்டோனும் கிட்டத்தட்ட அதே சொல்தான். 1642 வாக்கில் லுட்விக் ஃபான் சீகன் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது, ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் அதை எடுத்து வளர்த்த வளர்ப்பில் பிரெஞ்சுக்காரர்களே அதை 'ஆங்கில முறை' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலை எப்படி என்றால், வழவழப்பான ஒரு செப்புத் தகடு. வளைந்த விளிம்பில் பொடிப்பொடியாகப் பல் வைத்த ஒரு கருவி, ராக்கர் என்று பெயர், தொட்டில் என்றும் சொல்வார்கள். அதைத் தகட்டின் மேல் நிறுத்திப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரு திசையில் முழுத் தகட்டையும் முடித்த பிறகு தகட்டைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு திசையில், அப்புறம் இன்னொரு திசையில் என்று பல தடவை. இப்படிச் செய்துகொண்டே போனால் தகடு முழுக்க நுண்ணிய பிசிர் எழும்பி நிற்கும். பெரிய தகடு என்றால் இதற்கே நாள்கணக்கில் ஆகும், படம் இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை. இந்த நிலையில் மை பூசி அச்சடித்தால் காகிதம் முழுக்க ஒரே கறுப்பு, இருட்டறை மாதிரி. அதற்குப் பிறகுதான் கலைஞர் சுரண்டியைக் கையில் எடுக்கிறார். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே பிசிரைச் சுரண்டுகிறார். லேசாகச் சுரண்டினால் அடர்ந்த சாம்பல், இன்னும் சுரண்டினால் வெளிர் சாம்பல், வழவழவென்று மெருகேற்றிவிட்டால் மை ஒட்டாது, வெள்ளை. நாம் வெள்ளைத் தாளில் கறுப்பு பென்சிலால் வரைகிறோம். இவர்கள் இருட்டுக்குள்ளிருந்து ஒரு முகத்தை வெளியே கொண்டுவருகிறார்கள். அதுவும் இடம் வலம் மாற்றி, ஏனென்றால் அச்சில் எல்லாமே திரும்பி விழும். ஒரு இடத்தில் கொஞ்சம் அதிகமாகச் சுரண்டிவிட்டால் அந்த இடத்தை மறுபடி ராக்கரால் கொத்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் போட்ட படத்துக்கு வருகிறேன். 'சிவப்புச் சிறுவன்' ஓவியத்தில் எல்லாம் அந்தச் சிவப்புதான். ஒரு பாறையில் வெல்வெட் உடை போட்ட பையன் கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறான், பின்னால் நிலா வெளிச்சத்தில் கடல். அந்தச் சிவப்பை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும்? கசின்ஸிடம் இருந்தது கறுப்பு மை மட்டும். சிவப்பு என்ற நிறம் கறுப்பில் எவ்வளவு அடர்த்தி, வெல்வெட் மடியும் இடத்தில் எவ்வளவு, முழங்காலில் வெளிச்சம் விழும் இடத்தில் எவ்வளவு, பக்கத்தில் இருக்கும் பாறையும் அடர்த்தியான நிறம்தானே, அதோடு கலந்துபோகாமல் துணியைத் துணியாகக் காட்டுவது எப்படி என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவரே முடிவெடுத்திருக்கிறார். லாரன்ஸின் ஓவியத்தில் இந்த முடிவுகள் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. அந்த அச்சுப் படத்தை நேரில் பார்த்தபோது வெல்வெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, நிறமே இல்லாமல். அதனால்தான் 'லாரன்ஸ்' என்று மட்டும் போட்டதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

பிளாக் எடுத்த எங்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. எங்கள் வேலையில் பாதியைக் கேமரா செய்தது, மீதியை அமிலம் செய்தது. கசின்ஸுக்கு அந்த உதவி எதுவும் கிடையாது.

அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் விடுபட்டுப்போவது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நடந்திருக்கிறது. தென்மேற்கு இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தில் 1801 மே 9 அன்று பிறந்தார். பத்துப் பதினோரு வயதிலேயே படம் வரைந்து லண்டன் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பரிசுகளை வாங்கிவிட்டார். அந்த ஊர்ப்பக்கத்துச் செல்வந்தர் சர் தாமஸ் டைக் ஆக்லண்ட் பையனுக்குக் கை கொடுத்தார். 1814இல் லண்டனில் சாமுவேல் வில்லியம் ரெய்னால்ட்ஸ் என்ற பெரிய செதுக்குக் கலைஞரிடம் வேலை பழகச் சேர்ந்தார், வழக்கமாக வாங்கும் பயிற்சிக் கட்டணத்தை அவர் வாங்கவில்லை. இந்த ரெய்னால்ட்ஸ், புகழ்பெற்ற ஓவியர் சர் ஜோஷுவா ரெய்னால்ட்ஸின் ஓவியங்களை 360 சிறிய மெசோடின்ட் படங்களாக வெளியிட்டார் (பெயர் ஒன்றுதானே தவிர இரண்டு பேரும் உறவு இல்லை). அந்த 360இல் மிகச் சிறந்தவை பலவற்றைச் செதுக்கியது பயிற்சிக்கு வந்திருந்த கசின்ஸ்தான். ஆனால் எல்லாம் குருவின் பெயரில்தான் வெளிவந்தன. அந்தக் காலத்துப் பட்டறை வழக்கம் அது, குருவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனாலும் பதின்ம வயதில் ஒருவன் தன் கையால் செய்த படத்தைக் கடைக் கண்ணாடியில் வேறு பெயரோடு பார்க்கும்போது என்ன நினைத்திருப்பான் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பயிற்சி முடிந்து கொஞ்ச காலம் குருவோடு கூட்டாகவும் வேலை பார்த்துவிட்டு, தனியாக வந்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1826இல் வந்த 'லேடி ஆக்லண்டும் மகன்களும்' என்ற படம். சின்ன வயதில் ஆதரித்த அதே ஆக்லண்டின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் லாரன்ஸ் வரைந்த ஓவியம் அது. அதைப் பார்த்துவிட்டு லாரன்ஸ், இனிமேல் என் ஓவியங்களை மட்டும் செதுக்கு என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, ராயல் அகாதமியின் தலைவர், அரசர்களையும் போப்பாண்டவரையும் உட்கார வைத்து வரைந்தவர். கசின்ஸுக்கு அப்போது வயது 25 இருக்கும். முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் லாரன்ஸின் படங்களைத் தொடர்ந்து செதுக்கினார், அடுத்த வருஷமே லாம்ப்டன் பையன் வந்தான். லாரன்ஸின் ஓவியங்களை இவர் அளவுக்குப் புரிந்துகொண்ட செதுக்குக் கலைஞர் வேறு யாரும் கிடையாது என்பது என் கட்சி.

இன்னொன்றையும் உங்கள் வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு லாரன்ஸின் ஓவியத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒரு தடவை கண்காட்சியில் வைப்பார்கள், பிறகு அது அந்தப் பணக்காரர் வீட்டுச் சுவருக்குப் போய்விடும். ஊர் உலகம் அறிந்ததெல்லாம் அச்சுப் படம்தான். ஒரு ஓவியருக்குப் பெயர் பரவியது என்றால் அது செதுக்குக் கலைஞரின் தகடு வழியாகப் பரவியது.

1837இல் ஆல்ஃபிரட் ஷாலன் என்பவர் விக்டோரியா மகாராணியை அரச உடையில் வரைந்தார், மகாராணி தன் அம்மாவுக்குக் கொடுப்பதற்காக. வீட்டுக்குள்ளேயே இருந்துவிடக்கூடிய படம். அதைச் செதுக்கி 1838 முடிசூட்டு விழாச் சமயத்தில் ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்தது கசின்ஸ். தபால்தலை சேகரிப்பவர்களுக்கு 'ஷாலன் தலை' என்றால் உடனே தெரியும். கனடாவின் 1851 வருஷத்து 12 பென்ஸ் கறுப்புத் தலை, நியூசிலாந்தின் 1855 வருஷத்துத் தலைகள், டாஸ்மேனியா, பஹாமாஸ், குயின்ஸ்லாந்து என்று எத்தனையோ இடங்களின் தபால்தலையில் இருப்பது அந்த இளம் ராணியின் முகம்தான். உலகம் முழுக்க ஷாலன் பெயரைச் சொல்கிறார்கள். அந்த முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஊருக்குக் கொடுத்தவர் பெயரைச் சொல்வதில்லை.

இப்படிப் பெயரை மறைக்கும் வழக்கம் மேலிடத்திலேயே இருந்தது. லண்டன் ராயல் அகாதமி 1768இல் தொடங்கியபோது ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் எல்லோரும் முழு உறுப்பினர் ஆகலாம் என்றார்கள், செதுக்குக் கலைஞர் மட்டும் ஆக முடியாது. இவர்கள் பிறர் படத்தை நகல் எடுப்பவர்கள்தானே என்பது காரணம். அடுத்த வருஷம் போனால் போகிறது என்று துணை உறுப்பினராக ஆறு பேருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். தன்மானம் உள்ள பல பெரிய கலைஞர்கள் அந்த இடம் வேண்டாம் என்று ஒதுங்கியே இருந்தார்கள். விலங்குகளை வரைந்து பெயர் பெற்ற எட்வின் லாண்ட்சியரின் அப்பா ஜான் லாண்ட்சியர் ஒரு செதுக்குக் கலைஞர், அவர் துணை உறுப்பினராக உள்ளே போய் இதற்காகவே போராடினார், பலன் கிடைக்கவில்லை. 1837இல் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். கடைசியில் 1853இல்தான் விதி மாறியது. 1855இல் முழு உறுப்பினராக முதலில் தேர்வானவர் சாமுவேல் கசின்ஸ். அகாதமி தொடங்கி 87 வருஷம் ஆகியிருந்தது.

அவருடைய எல்லாப் படமும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். செப்பு மென்மையானது, அச்சடிக்க அடிக்கப் பிசிர் அமுங்கிப்போய்ப் படம் வெளிறிவிடும், நல்ல பிரதிகள் கொஞ்சம்தான் கிடைக்கும். 1820களில் தாமஸ் லப்டன் என்பவர் எஃகுத் தகட்டில் மெசோடின்ட் செய்து காட்டினார், பிரதி எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது, அதற்குப் பிறகு வியாபாரிகள் செப்பைத் திரும்பிப் பார்ப்பார்களா? கசின்ஸும் எஃகுக்கு மாற வேண்டியதாயிற்று. எஃகு சுரண்டியோடு மல்லுக்கு நிற்கும். அதனால் நுணுக்கமான இடங்களை அமிலத்தில் அரித்தும், புள்ளி வைத்தும், கறுப்பு நிற்க வேண்டிய இடங்களை அழுத்திக் கொத்தியும் ஒரு கலப்பு முறையை எடுத்துக்கொண்டார். 1837இல் எட்வின் லாண்ட்சியரின் 'போல்டன் ஆபி' ஓவியத்தை இந்த முறையில் அவர் வெளியிட்டபோது அதற்கு இருந்த வரவேற்பைப் பார்த்து, கோடுகளாலேயே படத்தைச் செதுக்கும் கோட்டுச் செதுக்கல் கலைஞர் ஏபிரகாம் ரைம்பாக், இங்கிலாந்தில் தன் கலையின் சரிவு இந்தப் படத்திலிருந்துதான் தொடங்கியது என்று கணக்கு வைத்தாராம். கசின்ஸின் பின்னாள் படங்கள் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கின்றன என்று விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓவியர் மில்லேயின் 'செர்ரி ரைப்' ஓவியத்தை 1881இல் செதுக்கியிருக்கிறார், அதை லாம்ப்டன் பையனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இருட்டின் ஆழம் குறைந்திருப்பது எனக்கே தெரிகிறது. ஆனால் அப்போது அவருக்கு வயது 80. போட்டோ வந்து, மலிவான வண்ண அச்சு வந்து, கையால் செதுக்குவது எதற்கு என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மெசோடின்ட் என்று ஒன்று மக்கள் மனதில் அதுவரை நின்றதற்கு அவருடைய படங்களின் விற்பனையும் ஒரு காரணம்.

கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நன்றாகச் சம்பாதித்தார். அதில் 15,000 பவுண்டை ராயல் அகாதமியிடம் அறக்கட்டளையாக ஒப்படைத்தார், தன் அளவுக்கு முன்னுக்கு வர முடியாமல் வயதாகிப்போன கலைஞர்களுக்கு வருஷா வருஷம் உதவித்தொகை கொடுப்பதற்காக. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. தன் இனத்தையே நகல்காரர்கள் என்று வெளியே நிறுத்திய அமைப்பு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1887 மே 7 அன்று லண்டனில் இறந்தார், இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் 86 முடிந்திருக்கும்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பழைய ஆங்கில அச்சுப் படங்களில் கீழே ஓரமாகப் பொடி எழுத்து இருக்கும். இடது பக்கம் வரைந்தவர் பெயர், வலது பக்கம் செதுக்கியவர் பெயர், நடுவில் வெளியிட்டவர் பெயரும் தேதியும். தேதி சும்மா போட்டது இல்லை. ஹோகார்த் முதலான கலைஞர்கள் தங்கள் படத்தைத் திருடி அச்சடிப்பவர்களை எதிர்த்து நாடாளுமன்றத்தில் 1735இல் வாங்கிய சட்டம், உரிமை வேண்டுமென்றால் தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்றது. தகட்டில் இந்த எழுத்தைச் செதுக்குவதற்கு முன்னால் எடுத்த சில ஆரம்பப் பிரதிகளில் மட்டும் இந்த வரி இருக்காது, மற்றபடி தேடினால் கிடைத்துவிடும். பக்கம் வடிவமைக்கும் தம்பிகள் ஓரத்தில் அழுக்காக ஏதோ எழுத்து இருக்கிறது, படம் சுத்தமாக வரட்டும் என்று அதை வெட்டிவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, தெரியாமல் செய்வது, எனக்கும் புரிகிறது. நானே அந்தக் காலத்தில் பிளாக்கை ஓரம் வெட்டி மரக்கட்டையில் அடித்துப் பொருத்தியபோது எத்தனை பெயரை வெட்டினேனோ, இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இனிமேல் இப்படிப் படம் போடும்போது அந்த ஓரத்தோடு போடுங்கள். இடம் போதாது என்றால் அதில் இருக்கும் இரண்டு பெயரையும் படக்குறிப்பில் எழுதிவிடுங்கள். வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு மூலையில் இந்தத் திருத்தத்தையும் போட்டால் மிகவும் சந்தோஷப்படுவேன்:

'சென்ற வாரம் வெளியான மாஸ்டர் லாம்ப்டன் (சிவப்புச் சிறுவன்) படம். வரைந்தவர்: சர் தாமஸ் லாரன்ஸ். மெசோடின்ட் முறையில் செதுக்கியவர்: சாமுவேல் கசின்ஸ், 1827.'

அன்புடன்,
ஓய்வுபெற்ற பிளாக் தொழிலாளி,
மதுரை.